குதிகாலுக்குத் தெரியும்

"ஒளிஞ்சுக்க ஒரு இடம்கூட இல்லையே மேடம்" என்றார் வைத்தியலிங்கம்.

ஜெசிந்தா கேமராவின் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். காற்றிலேயே உப்பு இருந்தது.

"யாருக்கு?" என்றார்.

"கொலைகாரனுக்கு."

"அவளுக்கு?"

வைத்தியலிங்கம் கண்ணுக்கு மேல் கையை வைத்துச் சுற்றிலும் பார்த்தார்.

*

வேதாரண்யத்தை அடுத்த உப்பளம். நேரம் காலை பதினொரு மணி. கண்ணுக்கு எட்டியவரை ஒரு மரம் இல்லை, ஒரு சுவர் இல்லை. சதுரம் சதுரமாகப் பாத்திகள், இடையில் வரப்புகள், ஆங்காங்கே உப்புக் குவியல்கள். குவியலுக்குப் பின்னால் ஒளிந்தாலும் தலை தெரியும்.

வைத்தியலிங்கத்துக்கு வயது ஐம்பத்து மூன்று. இருபத்தேழு வருடம் உதவி இயக்குநராக இருந்தவர். ஆறு இயக்குநர்களிடம் பதினான்கு படங்கள். இது அவர் இயக்கும் முதல் படம்.

ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்தொன்பது. ஒளிப்பதிவாளர். இது அவருக்கு ஒன்பதாவது படம்.

பூஜையன்று வைத்தியலிங்கம் தேங்காயை உடைத்துவிட்டு, எல்லார் முன்னிலையிலும் அவரைக் கும்பிட்டார். எனக்குக் கதை தெரியும், ஆட்களை நடத்தத் தெரியும், கேமரா தெரியாது. படம் முடியும்வரை நீங்கள்தான் எனக்கு வாத்தியார் என்றார். ஜெசிந்தா தலை குனிந்துகொண்டார். மறுப்பும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து படக்குழுவினர் வைத்தியலிங்கத்தை முதுகுக்குப் பின்னால் 'சீடர்' என்றார்கள். நான்காம் நாளிலிருந்து முகத்துக்கு நேராகவே. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கேலியில் பொய் ஒன்றும் இல்லையே.

*

படம் ஒரு த்ரில்லர். பொன்னி என்ற உப்பளத் தொழிலாளி ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறாள். கொன்றவர் ஊரே மதிக்கும் உப்பு வியாபாரி. அவள் பார்த்தாளா இல்லையா என்பது அவருக்கு நிச்சயமில்லை. தெரிந்துகொள்ள அவளைத் தேடி வருகிறார். பார்த்தாள் என்று தெரிந்தால் அவள் உயிர் மிஞ்சாது.

படத்தின் நெஞ்சு இந்தக் காட்சிதான்.

அது, அவள் வேலைக்குப் போகும் வழியில் ஒரு பனந்தோப்பில் நடப்பதாகத்தான் வைத்தியலிங்கம் எழுதியிருந்தார். நாற்பது பனைகள். கொலைகாரர் ஒரு பனையிலிருந்து அடுத்த பனைக்கு நகர்ந்து வருவார். ஆனால் பதநீர் இறக்கும் காலம் தொடங்கிவிட்டது, தோப்பைத் தர முடியாது என்று சொந்தக்காரர் கையை விரித்துவிட்டார். மிஞ்சியது இந்த வெட்டவெளி.

அன்று படப்பிடிப்பின் பதினாறாம் நாள். காலையிலிருந்து ஏழு டேக் எடுத்தாயிற்று. கேமராவைத் தோளில் வைத்து ஓடிப் பார்த்தார்கள். ஆட்டிப் பார்த்தார்கள். பொன்னியாக நடித்த மதுரவல்லி இருபத்து நான்கு வருடம் நாடக மேடையில் நின்றவர்; கண்ணை அகலமாகத் திறக்கச் சொன்னார்கள், திறந்தார். பயம் மட்டும் வரவில்லை.

ஏழாவது டேக் முடிந்ததும் லைட்மேன் ஒருவர், வில்லன் வர்றதுக்குள்ள இந்த வெயிலே அந்தம்மாவைக் கொன்னுடும் போல என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பயமுறுத்த வேண்டிய காட்சியில் சிரிப்பு.

பத்தரை மணிக்குத் தயாரிப்பாளர் பரமானந்தம் போனில் பேசினார். அதுவரை எடுத்ததைப் பார்த்திருக்கிறார். நாளை மாலை நான்கு மணிக்கு நேரில் வருவதாகவும், இந்தக் காட்சியிலும் பயம் வரவில்லையென்றால் பதினெட்டாம் நாளிலிருந்து வேறொருவர் இயக்குவார் என்றும் சொன்னார். அந்த வேறொருவரையும் கூட்டிக்கொண்டு வருவாராம்.

குரலை உயர்த்தாமல் சொன்னார். அதனால் அதில் மாற்றம் இருக்காது என்று வைத்தியலிங்கத்துக்குத் தெரிந்தது.

*

மதியச் சாப்பாட்டுக்குள் அவர் ஒரு தாளில் பதினொரு ஷாட் எழுதிக் கொண்டுவந்தார். கொலைகாரரின் கண். பொன்னியின் கண். படபடத்துப் பறக்கும் நாரைகள். தரையில் நீளும் நிழல். வானத்திலிருந்து ஒன்று. இப்படிப் பதினொன்று.

ஜெசிந்தா தாளை வாங்கிக்கொள்ளவில்லை. எதிரே தெரியும் உப்புக் குவியலைக் காட்டினார். தாளைப் படித்துக்கொண்டே வரப்பு வழியாக அதுவரை போய்த் தொட்டுவிட்டு வரச் சொன்னார்.

"செருப்பைக் கழட்டிட்டுப் போங்க அண்ணே" என்றார்.

வரப்பின் அகலம் ஒன்றரைச் சாண். இரண்டு பக்கமும் பாத்தி. பாத்தியில் கணுக்கால் மூழ்கும் அளவுக்கு உப்புத் தண்ணீர். குவியல் இருநூற்றுப் பத்துத் தப்படி தூரத்தில் இருந்தது.

முதல் ஷாட்டைப் படிக்கும்போதே கால் வழுக்கியது. இரண்டாவதை அவர் படிக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு காலை மட்டும் பார்த்து நடந்தார்.

குவியலைத் தொட்டார். நிமிர்ந்தார். திரும்பினார்.

மூன்று தப்படி தள்ளி ஜெசிந்தா நின்றிருந்தார்.

வைத்தியலிங்கத்தின் வலது கால் பாத்திக்குள் போனது.

தூரத்தில் முப்பத்தாறு பேர் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"எப்ப வந்தீங்க?" என்றார் அவர்.

"உங்க கூடவேதான்."

"சத்தமே இல்லையே."

ஜெசிந்தா கூட்டத்தின் பக்கம் தலையசைத்தார். "முதல் அடியிலேர்ந்து நான் உங்க பின்னாடி வர்றதை அவங்க எல்லாரும் பாத்துட்டுத்தான் இருந்தாங்க. இப்பதான் சிரிக்கிறாங்க."

வைத்தியலிங்கம் காலை வெளியே எடுத்தார். அங்கேயே குவியலின்மேல் தாளை விரித்துப் பேனாவை எடுத்தார். பதினொன்றில் எட்டு ஷாட்டுகளை அடித்தார்.

மூன்று மிஞ்சின.

*

மிஞ்சிய மூன்றுக்கும் இரண்டரை மணிக்கு ஒத்திகை.

வைத்தியலிங்கத்துக்கு ஒரு பழக்கம். எந்த இடத்துக்குப் போனாலும் முதல் வேலையாக அங்கே இருப்பவர்களை ஓரங்கட்டிவிடுவார். இருபத்தேழு வருடமாகச் செய்த வேலை அது. உப்பளத்தில் வேலை செய்த பத்தொன்பது பெண்களும் அன்று காலையிலிருந்து கீற்றுக் கொட்டகையின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். கேமராவில் விழக்கூடாது, பேசக்கூடாது என்பது அவருடைய உத்தரவு.

மதுரவல்லி நீளக் காம்பு வைத்த உப்புப் பலகையைப் பிடித்துப் பாத்தியில் நடந்தார்.

கொட்டகையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

வைத்தியலிங்கம் ஒத்திகையை நிறுத்திவிட்டு அங்கே போனார். ஏற்கனவே ஒருமுறை சிரிப்புக்கு ஆளாகியிருந்ததால் நடையில் சூடு இருந்தது. யார் சிரித்தது என்று கேட்டார்.

அஞ்சம்மாள் எழுந்து நின்றார். பத்தொன்பது பேரில் மூத்தவர் இல்லை. ஆனால் மூத்தவர்களும் அவரைக் கேட்டுத்தான் பேசுவார்கள். இருபத்தாறு வருடமாக அதே உப்பளத்தில் உப்பு வாருகிறவர்.

"கோச்சுக்காதீங்க சார். அந்தம்மா உப்பைத் தள்ளிக்கிட்டே போவுது. கல்யாண வீட்டுல எச்சில் இலையைத் தள்ளிக்கிட்டுப் போற மாதிரி."

பின்னால் பதினெட்டுப் பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தள்ளிக்கொண்டு போனால்தான் அவள் முன்னோக்கி நடப்பாள், எதிரே வருகிறவரைப் பார்ப்பாள், முகத்தில் பயம் தெரியும் என்று வைத்தியலிங்கம் விளக்கினார். அஞ்சம்மாள் பொறுமையாகக் கேட்டார். பயத்தைப் பற்றித் தனக்குத் தெரியாது, உப்பைப் பற்றித்தான் தெரியும் என்றார். உப்பை யாரும் தள்ளமாட்டார்கள். பலகையைத் தன் பக்கமாக இழுத்தபடி, ஓர் அடி ஓர் அடியாகப் பின்னால்தான் போவார்கள்.

"பின்னாலயா?"

"பின்னாலதான்."

"பின்னால என்ன இருக்குன்னு திரும்பிப் பாப்பீங்களா?"

"திரும்புனா பலகை சாயும். பலகை சாஞ்சா அடியில இருக்கிற சேத்தையும் சேத்து வாரிடும். ஒரு நாள் வேலை பாழ்."

"அப்ப பாத்தி முடிஞ்சது எப்படித் தெரியும்?"

"வரப்பு வந்தா குதிகாலுக்குத் தெரியும்" என்றார் அஞ்சம்மாள்.

வைத்தியலிங்கம் சட்டென்று திரும்பினார்.

ஜெசிந்தாவைத் தேடினார். ஜெசிந்தா அவருக்கு முன்பே வந்து கொட்டகைக் காலில் சாய்ந்திருந்தார். அஞ்சம்மாளின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குதிகால் முழுவதும் வெடிப்பு. வெடிப்புக்குள் வெள்ளையாக உப்பு.

வைத்தியலிங்கம் தாளை எடுத்து, மிஞ்சியிருந்த மூன்றையும் அடித்தார்.

இன்றைக்குப் படப்பிடிப்பு இவ்வளவுதான் என்று அறிவித்தார். இன்னும் நான்கு மணி நேரம் வெயில் இருக்கிறது, நாளை மாலை தயாரிப்பாளர் வருகிறார் என்று மானேஜர் நினைவூட்டினார்.

தெரியும் என்றார் வைத்தியலிங்கம்.

*

பொழுது சாயும்வரை அஞ்சம்மாள் மதுரவல்லிக்குச் சொல்லிக்கொடுத்தார். நாற்பது தடவை இழுக்கவைத்தார். நன்றாக இருக்கிறது என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. 'மறுபடியும்' என்ற ஒரே சொல்தான்.

மதுரவல்லியின் உள்ளங்கையில் ஐந்து கொப்புளங்கள் வந்தன. மேடையில் இருபத்து நான்கு வருடமாக இவ்வளவு 'மறுபடியும்' கேட்டதில்லை என்று அவர் முணுமுணுத்தார். அஞ்சம்மாள் தன் தலைத்துண்டை அவிழ்த்து இரண்டாகக் கிழித்து, அந்தக் கைகளில் சுற்றிக் கட்டினார்.

"மறுபடியும்" என்றார்.

கிளம்பும்போது மதுரவல்லிக்கு ஒரு சந்தேகம். வசனத் தாளில், கொலைகாரரைக் கண்டதும் பொன்னி அலறுகிறாள் என்று இருந்தது. அதை இயக்குநரிடம் கேட்காமல் அஞ்சம்மாளிடம் கேட்டார். நீங்களாக இருந்தால் கத்துவீர்களா?

அஞ்சம்மாள் வெளியைச் சுற்றிப் பார்த்தார்.

"யாருக்குக் கேக்கும்?" என்றார்.

வைத்தியலிங்கம் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அந்த வரியை அடித்துவிட்டார்.

*

மறுநாள் காலை பத்தொன்பது பேரும் கூடிப் பேசி, உப்பு நன்றாகப் பூத்து வாராமல் இருந்த ஒரு பாத்தியைக் கொடுத்தார்கள். வாரிவிட்டால் மறுபடி பூக்க ஏழு நாள் ஆகும். எனவே ஒரே ஒரு டேக்.

பாத்தியின் நீளம் முப்பத்து நான்கு இழுப்பு. ஓர் இழுப்புக்கு ஆறு விநாடி. வைத்தியலிங்கம் மும்முறை அளந்தார்.

கேமராவை எங்கே வைப்பது என்று அவரே சொன்னார். பாத்தியின் இந்த முனையில், பொன்னியின் முகத்தைப் பார்த்தபடி. அவள் இங்கிருந்து இழுக்கத் தொடங்கிப் பின்னால் போவாள். அந்த முனையில், வரப்பின் அடியில், பாத்திக்குள் கொலைகாரர் நிற்பார். சும்மா நிற்பார். அவள் முதுகு அவரை நோக்கிப் போகும்.

ஜெசிந்தா முதலில் ஒரு லென்ஸை மாட்டிக் காட்டினார். வெளி முழுவதும் தெரிந்தது. கொலைகாரர் ஒரு புள்ளி. இடையில் இருந்த தூரத்தை எண்ணிவிடலாம்.

பிறகு நீளமான ஒரு லென்ஸை மாட்டினார். தூரம் முழுவதும் மடிந்துபோனது. மானிட்டரில் கொலைகாரர் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பதுபோலத் தெரிந்தார். மதுரவல்லி ஐந்து அடி பின்னால் போனார். அப்போதும் அப்படியேதான் தெரிந்தது. இன்னும் ஐந்து அடி. அப்போதும்.

வைத்தியலிங்கம் மானிட்டரில் விரல் வைத்து அளக்கப் பார்த்தார்.

"இதுல எவ்வளவு மிச்சம்னே தெரியலையே. இந்த அடியில அவன்மேல முட்டிடுவாளோன்னு தோணுது. முட்டல. அடுத்ததுலயும் அதேதான் தோணுது."

"தெரியணுமா?" என்றார் ஜெசிந்தா.

வைத்தியலிங்கம் முதல் லென்ஸை அதன் பெட்டியில் வைத்து மூடினார்.

கொஞ்ச நேரம் கழித்து, ட்ராலி போட்டுக் கேமராவை மெதுவாக முன்னால் தள்ளலாமா என்று கேட்டார்.

"இதுல யாரு நகர்றது அண்ணே?"

"அவதான்."

வைத்தியலிங்கம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தண்டவாளம் வேண்டாம் என்று அவரே குரல் கொடுத்தார்.

*

கொலைகாரராக நடித்தவர் தேவசகாயம். பதினாறு படங்களில் வில்லன். கண்ணை உருட்டுவதில் பேர் வாங்கியவர். சும்மா நிற்க வேண்டும் என்றதும் அவருக்கு மனம் ஆறவில்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று ஜெசிந்தாவிடம் கேட்டார்.

அவ்வளவு தூரத்தில் முகம் சரியாகத் தெரியாது என்றார் ஜெசிந்தா.

அப்படியானால் என் வேட்டி சட்டையை ஒரு கம்பில் மாட்டி நிறுத்திவிடலாமே என்றார் தேவசகாயம்.

அதை யோசித்தேன், காற்றில் ஆடும் என்றார் ஜெசிந்தா.

தேவசகாயம் போய் நின்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சுற்றிலும் வெள்ளை உப்பு. ஆள் பாதி கரைந்து, பாதி நின்றார். எல்லாம் சரிசெய்து முடிக்க இருபத்திரண்டு நிமிடம் ஆனது. உப்புத் தண்ணீரில் கால் எரிகிறது என்று கத்திச் சொன்னார். நாங்க இருவத்தாறு வருசமா நிக்கிறோம் என்று கொட்டகையிலிருந்து பதில் போயிற்று.

ஒன்பது ஐம்பதுக்கு டேக்.

மதுரவல்லி இழுத்தார். ஓர் அடி பின்னால் வைத்தார். இழுத்தார். ஓர் அடி வைத்தார். பலகை உப்பைச் சேர்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பத்தாவது இழுப்பில் உதவியாளர்கள் கிசுகிசுப்பதை நிறுத்தினார்கள். இருபதாவதில் லைட்மேன் கையிலிருந்த, வெளிச்சம் திருப்பும் தெர்மாகோலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முப்பதாவதில் கொட்டகையிலிருந்த பெண்களில் இருவர் எழுந்துவிட்டார்கள். நாளெல்லாம் அதே வேலையைச் செய்கிறவர்கள்.

முப்பத்து நான்காவது இழுப்பு. குதிகால் பின்னால் போனது. தொட்டது.

வரப்பை அல்ல.

மதுரவல்லி திரும்பவில்லை. அலறவில்லை. பலகையின் காம்பில் துண்டு சுற்றிய விரல்கள் ஒருமுறை இறுகின. குதிகாலை நான்கு விரற்கடை முன்னால் எடுத்துவைத்தார். அங்கே உப்பு இல்லை, வாரியாயிற்று. இருந்தும் இன்னொரு முறை இழுத்தார்.

வைத்தியலிங்கம் ஒன்பது வரை எண்ணினார். பிறகு 'கட்' சொன்னார்.

யாரும் கை தட்டவில்லை.

தேவசகாயம் வரப்பில் ஏறி உட்கார்ந்து பாதங்களைத் தேய்த்துக்கொண்டார். எத்தனையோ படத்தில் மற்றவர்களைத் துரத்தியிருக்கிறேன், அந்தம்மா அப்படி முதுகைக் காட்டிக்கொண்டே வர வர, நிற்கிற எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது என்றார்.

அஞ்சம்மாள் பாத்தியில் இறங்கினார். மதுரவல்லி சேர்த்திருந்த உப்பை ஒரு கை அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தார். விரல்களுக்கிடையே உதிரவிட்டார். பத்தொன்பது பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சேறு இல்ல."

மதுரவல்லி அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் கண்ணில் வந்தது. அன்று மதியத்துக்குள் வைத்தியலிங்கம் அந்த இரண்டு சொற்களைத் தனித்தனியாக ஐந்து பேரிடம் சொன்னார். மானேஜரிடம் இருமுறை.

*

மாலை நான்கு மணிக்குக் கார் வந்தது. பரமானந்தம் இறங்கினார். அந்த வேறொருவர் பின் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார்.

கீற்றுக் கொட்டகையில் மானிட்டரை வைத்தார்கள். இந்த முறை பெண்களை யாரும் ஓரங்கட்டவில்லை. தயாரிப்பாளர் நாற்காலியைச் சுற்றி அவர்களும் நின்றார்கள்.

பரமானந்தம் வாயில் வெற்றிலை இருந்தது. மென்றுகொண்டே பார்த்தார். பன்னிரண்டாவது இழுப்பில் மெல்லுவது நின்றது.

இருபத்தெட்டாவதில் அவர் திரையைப் பார்த்துப் பேசினார்.

"திரும்பிப் பாரும்மா."

அவள் திரும்பவில்லை.

"ஏ, திரும்பும்மா."

படம் முடிந்தது. அவர் எழுந்து வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். மறுபடி போடச் சொன்னார். இரண்டாம் முறையும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

பிறகு மானேஜரைக் கூப்பிட்டு, காரில் இருப்பவருக்கு ஒரு காப்பி கொடுத்து, வேண்டுமானால் வேளாங்கண்ணியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போகச் சொல்லும்படி சொன்னார். வைத்தியலிங்கத்தின் பக்கம் திரும்பினார். படத்தை நீங்களே முடியுங்கள் என்றார்.

வைத்தியலிங்கம் கை கூப்பினார். இருபத்தேழு வருடத்தில் முதல் முறையாக யார் முன்னாலும் முதுகை வளைக்காமல் கூப்பினார்.

"ஒண்ணே ஒண்ணுதான் குறை" என்றார் பரமானந்தம். "அவ கிட்ட வரும்போது அவன் கையில கத்தி மின்னுது பாருங்க. சட்டுன்னு வந்துட்டுப் போயிடுது. அதை மட்டும் பெருசா ஒரு ஷாட் எடுத்து நடுவுல சேத்துடுங்க."

வைத்தியலிங்கம் ஜெசிந்தாவைப் பார்த்தார்.

ஜெசிந்தா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க கத்தியே கொண்டுவரலைங்க" என்றார் சீடர்.